நாற்பத்திரண்டு

நான் தட்ட நினைத்தது இருபத்துநான்கு.
சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாயை மூட
இருபத்துநான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பெட்டி.
காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஒரு வெள்ளிக்கிழமை
எண்கள் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன.
யார் கண்ணிலும் படவில்லை.
உர்மஸ் கையெழுத்திட்டார், ஹெல்யு கையெழுத்திட்டார்,
தார்த்து நகராட்சி முத்திரை குத்தியது.
மேஸ்திரி கென்னாடி மட்டும் போனில் கேட்டார்,
"நிஜமாகவே நாற்பத்திரண்டா?"
நான் ரயிலில். சிக்னல் விட்டுவிட்டு வந்தது.
"வரைபடத்தில் உள்ளபடி" என்றேன்.
இந்தத் தொழிலில் யோசிக்காமல் சொல்லக்கூடிய
ஒரே வாக்கியம் அதுதான்.

அப்படித்தான் தரைத்தளத்தில்,
கழிப்பறைக்குப் போகும் வழியில்,
பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு
ஒரு கான்கிரீட் திண்டு முளைத்தது,
வயிற்றுக்குள் வெந்நீரோடு.

எங்கள் பெருமை அதுவல்ல.
பெருமை, நடுக்கூடத்து ஓக் படிக்கட்டு.
மாதிரியை ஏழு முறை செய்து ஏழு முறை உடைத்தோம்.
மாணவர்கள் அங்கே அமர்ந்து வாதிடுவார்கள் என்று
கணினியில் நூறு பேரை உட்காரவைத்திருந்தேன்.
அந்த நூறு பேரில் ஒருவருக்கும் குளிரவில்லை,
ஒருவர் காலணியிலும் ஈரம் இல்லை.

திறந்த முதல் நவம்பரில் போய்ப் பார்த்தேன்.
படிக்கட்டில் யாரோ மறந்த குடை ஒன்று அமர்ந்திருந்தது.
திண்டில் இடமே இல்லை.
ஒருத்தி வேதியியல் நோட்டில் கன்னம் வைத்துத் தூங்க
அவளது நனைந்த காலுறை பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது.
இரண்டு பையன்கள், ஒரே பாட்டு, ஆளுக்கொரு காதாக.
ஒரு பேராசிரியர்
(பேராசிரியரேதான், அறிமுகம் செய்துவைத்திருக்கிறார்கள்)
கோட்டை மடித்துப் போட்டுக்கொண்டு
கறுப்பு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

பிறகு விருது.
நடுவர் குழு படிக்கட்டுக்கு இரண்டு வரி எழுதியது.
திண்டுக்கு ஒரு பத்தி:
"ஆழ்ந்து சிந்தித்த தாராளம்."
தாலினில், மேடையில், உர்மஸ்
கண்ணாடிக் கேடயத்தை இடுப்பில் குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு
மனித உடலைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் பேசினார்.
பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன்;
அதற்குள் அவர் அதை நம்பத் தொடங்கியிருந்தார்.
பதினோராவது வரிசையில் நான்
தப்பாகத் தட்டிய அதே கைகளைத் தட்டினேன்.

அடுத்தது விலியாண்டி. வேறொரு பல்கலைக்கழகம்.
"அந்தத் திண்டு எங்களுக்கும் வேண்டும்"
என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள்.
இம்முறை நான்கையும் இரண்டையும்
நிதானமாக, ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
மூன்று பேர் சரிபார்த்தார்கள்.
அறுபது மீட்டர். விளிம்பை உருட்டி இழைத்து,
அடியில் மஞ்சள் விளக்கு, உள்ளே அதே வெந்நீர்.
ஒருவரும் உட்காரவில்லை.
எதிர்ப்பக்கம், வெறும் தரையில்,
சுவருக்கு முதுகைக் கொடுத்து வரிசையாக இருந்தார்கள்,
திண்டைப் பார்த்தபடி.

காரணம் தேடி மறுபடி தார்த்து.
துடைக்க வந்த லியுத்மிலா வாளியை வைக்காமலே சொன்னாள்,
"இங்கிருந்தால் ஏழாம் நம்பர் பஸ் திரும்புவது தெரியும்.
எழுந்து ஓட நாற்பது விநாடி போதும்.
நீங்கள் என்ன நினைத்தீர்கள்?"

அந்த ஜன்னல் நாங்கள் வைத்ததுதான், ஒரு பிர்ச் மரத்துக்காக.
மரத்தை வெட்டிவிட்டார்கள்.
சாக்கடை தோண்டும்போது நகராட்சி
பஸ் நிறுத்தத்தை இந்தப் பக்கம் தள்ளி வைத்ததாம்,
தற்காலிகமாக.
அடுத்த கோடையில் பழைய இடத்துக்கே போகிறது.

உர்மஸிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி
கிடைத்த இடுக்கில் உட்கார்ந்தேன்.
சூடு கோட்டைத் தாண்டி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.
யாரோ "வருது" என்றார்கள்.
பதினெட்டு மீட்டரும் ஒன்றாக எழுந்து ஓடியது.
நானும் ஓடினேன்,
பையைப் பிடித்துக்கொண்டு, பனிச்சேற்றில் வழுக்கி.

நான் போகவேண்டியது ஏழாம் நம்பரில் இல்லை.